ஷெங்கன் விசா

ஐரோப்பாவில் 29 தேசங்கள் தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்டு, வெளியிலிருந்து வரும் பிரயாணிக்குப் பொதுவாக வழங்கும் குறுகிய கால அனுமதி ஷெங்கன் விசா எனப்படும். உல்லாசப் பயணம், உறவினரைக் காணுதல், வியாபாரப் பேச்சு, மாநாடு, மூன்று மாதத்துக்குட்பட்ட படிப்பு அல்லது பயிற்சி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். சம்பளத்துக்கு வேலை செய்யலாமா என்பதை அந்தந்தத் தேசத்தின் சட்டமே தீர்மானிக்கும். ஆண்டுக்கணக்கில் பயிலவோ உத்தியோகம் பார்க்கவோ செல்வோர் பெறுவது தேசிய நெடுங்கால விசா. அதன் விதிகள் வேறு.

அயல்நாட்டுத் தூதரகத்தின் முத்திரை இருந்தால்தான் ஒரு தேசத்தில் கால்வைக்கலாம் என்ற நியமம் நாம் நினைக்கும் அளவுக்குப் புராதனமானதன்று. ரயில் பாதைகள் கண்டமெங்கும் பரவி, ஜனங்கள் திரள் திரளாகப் பிரயாணம் செய்யத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒவ்வொருவரையும் நிறுத்திச் சோதிப்பது நடவாத காரியமென்று கண்டு, 1861-ல் பிரான்ஸும், அக்காலத்தை ஒட்டிப் பல மேற்கு ஐரோப்பிய அரசுகளும் அவ்வழக்கத்தைக் கைவிட்டன. ருஷ்யாவும் துருக்கி சாம்ராஜ்யமுமே அதை விடாப்பிடியாக வைத்திருந்தன. 1914-ல் மூண்ட மகாயுத்தம் ஒற்றர் பயத்தைக் காரணம் காட்டி அதை மீண்டும் கொணர்ந்தது. யுத்தம் ஓய்ந்தபின் 1920 அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரீஸில் கூடிய மாநாடு, பழைய சுதந்திரம் ஒருநாள் திரும்பும் என்ற நம்பிக்கையை வெளியிட்டுக்கொண்டே, கடவுச்சீட்டுப் புத்தகம் எவ்வாறு அமைய வேண்டும், விசாவுக்குப் பத்துத் தங்க பிராங்குக்கு மேல் வாங்கலாகாது என்றெல்லாம் வகுத்துக்கொடுத்து, நீங்க வேண்டியதை நிலைபெறச் செய்துவிட்டது. அதே ஆண்டில் இந்தியாவிலும் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. தற்காலிகமென்று விதிக்கப்பட்ட வரி லேசில் போவதில்லை. விசாவும் அந்த வகையைச் சேர்ந்ததே.

இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் மூன்றும் 1960-ல் தம்மிடையே இருந்த சோதனையை வெளி எல்லைக்கு மாற்றிக்கொண்டன. 1984-ன் தொடக்கத்தில், சுங்கச் சாவடிகளில் நேர்ந்த தாமதத்தைப் பொறாத லாரி ஓட்டுநர்கள் பாதைகளை அடைத்துப் போராடவே, அவ்வாண்டிலேயே பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் தம் எல்லையைத் தளர்த்த இசைந்தன. 1985 ஜூன் 14 அன்று, மூன்று தேசங்கள் சந்திக்கும் மோசெல் நதிக்கரையிலுள்ள ஷெங்கன் என்னும் சிற்றூரின் அருகே, ‘பிரின்செஸ் மாரி-ஆஸ்ட்ரிட்’ என்ற கப்பலில் இந்த ஐந்து அரசுகளின் பிரதிநிதிகள் எல்லைச் சோதனையை நீக்கக் கையொப்பமிட்ட உடன்படிக்கை இவ்வாறு உருவானதே. எனினும் அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டு பிடித்தது. 1990-ல் விரிவான ஒப்பந்தம் ஏற்பட்டு, 1995 மார்ச் 26-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஏழு தேசங்களிடையே சோதனை நின்றது. பொது விசாவும் அன்று முதற்கொண்டே.

உள்ளே கதவுகள் இல்லாமற்போனதால் முழுப் பாரமும் வாசற்கதவின்மீது விழுந்தது. சென்னையிலோ புதுச்சேரியிலோ ஒரு தூதரக அதிகாரி போடும் முடிவு லிஸ்பன் முதல் ஹெல்சிங்கி வரை செல்லும் என்பதால், அவர் சந்தேகப்படுவதும் அதிகமாயிற்று. 2010 ஏப்ரல் 5 முதல் அமலிலுள்ள விசா விதித்தொகுப்பின்படி, அதிக நாள் தங்கும் தேசத்திடமும், நாட்கள் சமமானால் முதலில் இறங்கும் தேசத்திடமும் விண்ணப்பிக்க வேண்டும். பிரயாணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து மனுச் செய்யலாம். பதினைந்து நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ; மறுத்தாலும் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, விமான முன்பதிவு, ஓட்டல் முன்பதிவு, ஆபீஸ் விடுப்புக் கடிதம், வருமானவரி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் ஆகியவை உடன்வர வேண்டும். நெடுநாளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த தொகையைக் காட்டிலும், சென்ற வாரம் திடீரென்று வந்து விழுந்த லட்சங்களே அதிகாரியின் கண்ணை உறுத்தும் என்பதை அனுபவசாலிகள் அறிவர். விசா கிடைக்குமுன் டிக்கெட் முன்பதிவைக் காட்டச் சொல்வது விசித்திரமான நியாயந்தான். ஆயினும் அதுவே சம்பிரதாயமாகிவிட்டது.

மறுப்புத் தாள் ஓர் அச்சடித்த படிவம். வரிசையாக எண்ணிட்ட காரணங்களில் எது பொருந்துமோ அதற்கெதிரே ஒரு குறி மட்டும் இருக்கும். அவற்றுள், கெடு முடியுமுன் இவர் திரும்பிவிடுவாரா என்பதில் நியாயமான ஐயம் உண்டென்னும் காரணமே மனத்தை மிகவும் புண்படுத்துவது. ஏனெனில் இன்னும் செய்யாத ஒன்றைச் செய்யமாட்டேனென்று நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையதாகிறது. மேல்முறையீட்டுக்கு உரிமை உண்டு.

எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது என்ற கணக்கு 2013 அக்டோபர் 18 முதல் இன்றைய வடிவில் வழங்குகிறது. தங்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கி எண்ண வேண்டும். வந்திறங்கிய நாளும் புறப்படும் நாளும் சேரும். இரவு பதினொன்றரை மணிக்கு விமானம் இறங்கினாலும் அன்றைய நாள் செலவானதே.

இந்தியாவில் மனுக்களை வாங்கும் பணி பெரும்பாலும் தனியார் நிலையங்களுக்குச் சென்றுவிட்டது. 2001-ல் மும்பையில் தோன்றிய வி.எஃப்.எஸ். அவற்றில் முன்னோடி. 2015 நவம்பர் முதல் பத்து விரல் ரேகைகளும் பதிவாகின்றன. 59 மாதங்களுக்கு அவை மறுபடி பயன்படும். 2024 ஏப்ரலில் இந்தியர்க்கென வந்த தனி ஏற்பாட்டின்படி, முந்திய மூன்றாண்டுக்குள் இரண்டு விசாக்களை ஒழுங்காக உபயோகித்தவர் இரண்டாண்டு விசாவும், பின்னர் ஐந்தாண்டு விசாவும் பெறலாம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லை முத்திரைக்குப் பதிலாக மின்பதிவு படிப்படியாகப் புகுந்துள்ளது. கடவுச்சீட்டில் ஒட்டும் வில்லையை நீக்கி, இணையவழி மனுவும் மின்குறியீடும் கொணர 2023-ல் சட்டமியற்றினர். முதன்முறை விண்ணப்பிப்போர் விரல் ரேகை கொடுக்க நேரில் போகவேண்டிய நிபந்தனை அதிலும் நீடிக்கிறது.