நிமிடத்துக்கு முப்பது சொல்

ஜெயமங்கலத்தில் அறுபதை ஒட்டிய பெண்களிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் எட்டாவது, பத்தாவது, பி.யூ.சி., அபூர்வமாக பி.ஏ. என்று பதில் வரும். பேச்சு கொஞ்சம் நீண்டு, நாம் கிளம்புகிற நேரத்தில்தான், "டைப்பு லோயர் பாஸ் பண்ணிருக்கேன், ஹையர் எழுதல" என்று ஒன்று சேரும். கேட்காமல் வரும் பதில் அது. சொல்லும்போது பலருக்கும் விரல்கள் மடியில் லேசாக அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பகுதியில் பெண்கல்வியின் வரலாற்றை எழுதியவர்கள் பள்ளியை எழுதினார்கள், கல்லூரியை எழுதினார்கள், கன்னியாஸ்திரிகளை எழுதினார்கள். டைப் இன்ஸ்டிட்யூட்டை யாரும் எழுதவில்லை. கல்யாணம் வரைக்கும் பொழுதுபோக்க ஒரு இடம் என்றே வீடுகள் அதைச் சொல்லின. ஆய்வாளர்களும் அதே கணக்கில்தான் விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் 1980களின் தொடக்கத்தில் பெரியகுளத்தில் வரலாறு படித்துக்கொண்டே சாயங்காலம் டைப்புக்குப் போனவள். எனவே இது எனக்கு வெளியிலிருந்து பார்க்கும் விஷயம் இல்லை.

கல்லூரியிலிருந்து தொடங்குகிறேன். மதுரையில் லேடி டோக் கல்லூரி 1948லும் பாத்திமா கல்லூரி 1953லும் வந்துவிட்டன. கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்து ஹௌதியா கல்லூரி 1956லேயே உண்டு. ஆனால் வராக நதிக்கரைக் கிராமத்திலிருந்து மதுரைக்கு அனுப்புவதென்றால் விடுதிக் கட்டணம் வேண்டும், அதைவிட அதிகமாகத் தகப்பனுக்குத் துணிச்சல் வேண்டும். 1971ல் பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி வந்த பிறகுதான் காலையில் பஸ் ஏறி சாயங்காலம் வீடு திரும்பும் கல்லூரிப் பெண் என்ற ஒருத்தி எங்கள் ஊரில் உருவானாள். அவளுக்கு வகுப்பு முடிவதற்கும் பஸ் வருவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில்தான் இன்ஸ்டிட்யூட் இருந்தது.

மாடி அறை, வரிசையாக மேசை, ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் எந்திரங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம். அதற்கு 'ஹவர்' என்று பெயர். பொம்பளப் பிள்ளைகள் ஹவர் எது, பையன்கள் ஹவர் எது என்பது எழுதாத சட்டம். மாஸ்டர் முதல் நாள் வந்து எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று காட்டுவார். ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப், செமிகோலன் எல்கேஜேஎச்ஜே. தமிழென்றால் யளனகபக. அதோடு அவர் வேலை ஏறக்குறைய முடிந்தது. பிறகு பாடப்புத்தகமும் எந்திரமும் நீயும்தான். பள்ளியில் எங்களுக்கு ஒருவர் சொல்லித்தந்தார், மனப்பாடம் செய்தோம், அவர் மார்க் போட்டார். இங்கே அடித்த தாளை நாமே எடுத்து, தப்பான எழுத்தை நாமே சிவப்பு மையில் வட்டம் போட்டு, எண்ணி, தாளின் ஓரத்தில் எழுதினோம். தட்டச்சில் அழிப்பது கிடையாது. தப்பின் மேல் திரும்ப அடித்தால் அதுவும் ஒரு தப்பு. நேற்று பதினேழு, இன்று பதினொன்று.

எனக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி இந்தக் கணக்கை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறாள். இன்றும் அது டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருக்கிறது. தேதி, எத்தனை நிமிடம், எத்தனை வரி, எத்தனை தப்பு என்று நான்கு கட்டம். ஐந்தாவதாக, கட்டம் போடாமல், ஓரத்தில் ஓரிரு சொற்கள். பல நாட்களில் 'சுண்டுவிரல்' என்று மட்டும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏ, தமிழில் ய, இரண்டுமே இடது கைச் சுண்டுவிரலுக்கு வருபவை. பழைய எந்திரத்தில் அந்த விரலால் ஒரு எழுத்து தாளில் தெளிவாக விழ வேண்டுமென்றால் அதற்குத் தனி பலம் வேண்டும். இன்னொரு நாள் 'களை' என்று இருக்கிறது. முந்தின நாள் தோட்டத்தில் களை எடுத்த கை, அன்றைக்குத் தப்பு இருபத்திரண்டு. 'தலைக்கு' என்று சில தேதிகளில். வீட்டுக்குத் தூரமான நாட்களை எங்கள் ஊரில் தலைக்கு ஊத்துவதை வைத்துச் சொல்வார்கள். அந்த நாட்களிலும் அவள் போயிருக்கிறாள், அடித்திருக்கிறாள். தப்பு கூடவில்லை என்பதையும் குறித்திருக்கிறாள்.

"ஏன்க்கா இதெல்லாம் எழுதுன?" என்று கேட்டேன்.

"பரீச்சைக்குத்தான் எழுதுனேன். பெறகு பாத்தா, ஏன் தப்பு வருதுன்னு தெரிஞ்சுச்சு. தெரிஞ்சா அதுல ஒரு தெம்பு, அம்புட்டுதேன்."

ஆவணம் என்று நாம் எதையெல்லாமோ தேடுகிறோம். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் உடல், தன் உழைப்பு, தன் தேர்ச்சி மூன்றையும் ஒரே வரியில் தேதி போட்டு எழுதிய இந்த நோட்டைப் போல ஒன்றை என் கல்லூரி நூலகத்தில் நான் பார்த்ததில்லை. வீட்டில் தப்பு என்றால் அதற்கு வேறு பொருள் இருந்தது. சிரித்தால் தப்பு, ஜன்னலில் நின்றால் தப்பு. எண்ணக்கூடியது, காரணம் சொல்லக்கூடியது, அடுத்த வாரம் குறையக்கூடியது என்ற வகையில் ஒரு தப்பை இந்தப் பெண்கள் முதலில் பார்த்தது இங்கேதான்.

தேர்வைத் தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. லோயர் என்று நாம் சொல்லும் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், அதாவது பத்து நிமிடத்தில் 1500 ஸ்ட்ரோக். ஹையருக்கு 45 சொல், 2250 ஸ்ட்ரோக். ஐந்து ஸ்ட்ரோக் ஒரு சொல் என்று கணக்கு. இரண்டாம் தாளில் கடிதமும் அட்டவணையும் வரும்.

பத்து விரலாலும் அடிக்கும் இந்த முறையின் வரலாற்றிலேயே ஒரு பெண் மறைந்திருக்கிறாள். 1888 ஜூலையில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் ஒரு போட்டி நடந்தது. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான ஃபிராங்க் மெக்கரின் எழுத்துகளைப் பார்க்காமலேயே அடித்து ஜெயித்தார். அவர் தானே பழகியவர். தொடுதட்டச்சு என்றால் அவர் பெயர்தான் இன்றும் வருகிறது. ஆனால் அதே சின்சினாட்டியில் சுருக்கெழுத்துப் பள்ளி நடத்திய எலிசபெத் லாங்லி, எல்லா விரல்களையும் பயன்படுத்த வேண்டும் என்று வாதிட்டு 1882லேயே பாடப்புத்தகம் வெளியிட்டிருந்தார். ஜெயித்தவனின் பெயர் நின்றது, பாடம் எழுதியவளின் பெயர் அடிக்குறிப்புக்குப் போனது. நியூயார்க்கில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. 1881ல் பெண்களுக்குத் தட்டச்சு வகுப்பு தொடங்கியபோது பெண்ணுடல் இதைத் தாங்காது என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். சில பத்தாண்டுகளில் அதே வேலை பெண்ணுக்கென்றே பிறந்தது என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் 'டைப்ரைட்டர்' என்ற சொல் ஒரு காலத்தில் எந்திரத்தையும் குறித்தது, அதன் முன் உட்கார்ந்திருந்த பெண்ணையும் குறித்தது.

இந்தியாவில் அலுவலகத் தட்டச்சுக்கு முதலில் வந்த பெண்களில் ஆங்கிலோ இந்தியர்கள் முக்கியமானவர்கள். மதராஸ் மாகாணத்தில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் நெடுங்காலம் பிராமண ஆண்களின் கையில் இருந்தன. எங்களைப் போன்ற தமிழ்வழிப் பெண்களுக்குக் கதவு திறந்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். ஒன்று, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வேலை பார்த்த ஆர். முத்தையா, தமிழின் இத்தனை எழுத்துகளையும் ஒரு விசைப்பலகைக்குள் அடக்கியது. 'க்' அடிக்க முதலில் புள்ளி, அந்த விசைக்குத் தாள் நகராது, பிறகு க. 'கொ' வேண்டுமென்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. இரண்டாவது, 1956ன் ஆட்சிமொழிச் சட்டம். அரசு அலுவலகங்களில் தமிழ்க் கடிதம் கூடக் கூட, தமிழ் அடிக்கத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. மொழி அரசியலின் வரலாற்றில் மேடைகள் இருக்கின்றன, ஊர்வலங்கள் இருக்கின்றன. அந்த மொழியை நாள் முழுக்கக் கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தவர்கள் யார் என்ற கேள்வி அங்கே வருவதில்லை.

அழகாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. எங்கள் ஊரில் நான் பேசிய ஏழு பெண்களில் இரண்டு பேருக்குத்தான் வேலை கிடைத்தது. மற்றவர்கள் சான்றிதழோடு மதுரை வேலைவாய்ப்பு அலுவலகம் வரைக்கும் போய்ப் பதிந்தார்கள், அப்போது தேனி தனி மாவட்டம் இல்லை. சில ஆண்டுகள் புதுப்பித்தார்கள். பிறகு கல்யாணம், பிரசவம், புதுப்பிக்கும் தேதி தவறிப்போனது. வேலைக்குப் போன இருவரில் ஒருத்தி, தான் அடித்துத் திருத்திய வரைவில் கையெழுத்துப் போட்டவர்கள் மேலே மேலே போனதையும், தான் ஓய்வு பெறும்வரை விசைப்பலகையின் முன்னாலேயே இருந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெண்கள் கூட்டமாக வந்ததும் ஒரு திறமையின் விலை இறங்கிவிடுகிறது. தறியில், பீடியில், தேயிலையில் நடந்ததுதான் இதிலும் நடந்தது.

அப்படியானால் ஏன் போனார்கள்? வேலைக்காகத்தான் என்று வீட்டில் சொன்னார்கள். என்னிடம் சொன்னது வேறு. ஒருத்திக்கு அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் தண்ணீர் மோந்து கொடுக்கத் தேவையில்லாத நேரம். இன்னொருத்தி, வேறு சாதித் தெருக்களிலிருந்து வந்த பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அங்கேதான் என்றாள். ஒருவர் தாளை இன்னொருவர் திருத்துவார்கள். "அவ தாள்ல தப்பு பாக்குறப்போ அவ எந்தத் தெருன்னு நெனப்பே வராது" என்றாள். நான் இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். பஸ் ஏறி ஊருக்கு வந்ததும் தெருக்கள் அங்கங்கே இருந்தன.

புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்ற கதை நமக்குத் தெரியும். 1991ல் அறிவொளி இயக்கமும் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் சைக்கிளை எழுத்தறிவின் பகுதியாக்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றதாக பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அதற்குப் பாட்டு இருந்தது, பேரணி இருந்தது, எழுத ஒருவர் வந்தார். அது நியாயமான பெருமை. டைப்புக்குப் போன பெண்களுக்கு இயக்கமும் இல்லை, ஆட்சியரும் இல்லை. கட்டணத்தை முட்டை விற்ற காசிலும் சிறுவாட்டுப் பணத்திலும் அம்மாக்கள் கொடுத்தார்கள். பல வீடுகளில் அப்பாக்களுக்கு அது எவ்வளவு என்றுகூடத் தெரியாது. தனித்தனியாக, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பொய்யோ சமாதானமோ சொல்லி நடந்ததாலேயே அது ஒரு நிகழ்வாகக் கண்ணில் படவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் சிறு நகரங்களின் மாடி அறைகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை ஊர், எத்தனை ஆண்டு, எத்தனை ஹவர்!

கோத்ரெஜ் 1955ல் தயாரிக்கத் தொடங்கிய தட்டச்சு எந்திரத்தை 2009ல் நிறுத்திவிட்டது. ஆனாலும் எந்திரங்கள் ஓடுகின்றன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தட்டச்சர் பதவிக்கு இன்றும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சான்றிதழ் வேண்டும், கணினிச் சான்றிதழும் கேட்கிறார்கள். இப்போதைய கல்லூரிப் பெண்கள் இரண்டையும் சேர்த்துப் பழகுகிறார்கள். செல்போனில் வீடியோ பார்த்து எக்செல் கற்கிறார்கள், ஆங்கிலம் பேசிப் பார்த்துத் தாங்களே பதிவு செய்து கேட்கிறார்கள். ஜெயமங்கலத்தில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருத்தி, தினமும் பழகியதைப் போனில் ஒரு குறிப்பாக எழுதி வைப்பதாகச் சொன்னாள். வேகம், தப்பு, அதோடு அன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்று ஒரு வரி. அக்காவின் நோட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன்.

இருவரும் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார்கள். ஹையர் ஏன் எழுதவில்லை என்று அவள் கேட்டாள். அக்கா கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். நிமிடத்துக்கு 41 சொல், தப்பு நான்கு. ஓரத்தில் 'பெண் பார்க்க' என்று இருந்தது. அதற்குப் பிறகு நோட்டில் வெற்றுப் பக்கங்கள் பதினாறு.

"இந்தப் பிப்ரவரி பரீச்சைக்கு நீங்களும் கட்டுங்க பெரியம்மா, வயசுக் கட்டுப்பாடெல்லாம் இல்ல" என்றாள் அந்தப் பெண். அக்கா இடது கையை நீட்டி, சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தாள். முட்டு வலி, கைக்கும் இறங்கியிருக்கிறது. "தமிழ் கட்டுனா ய அடிக்க வரணுமே" என்றாள். பிறகு ஹவர் இப்போது எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.