சோழி, காகித நாடா, குறிப்பேடு

2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு வானத்தைப் பார்த்தீர்களா? அன்று முழுச் சந்திர கிரகணம். சிவகிரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். மேற்கு மலையிலிருந்து வந்த மேகம் நிலவை மறைப்பதும் விடுவதுமாக இருந்தது. இரவு 11 மணியளவில் நிலவு முழுவதும் பூமியின் நிழலுக்குள் புகுந்து செம்பு நிறமாயிற்று. “சொன்ன மணிக்குச் சரியாக நடக்கிறதே சார்! கணிப்பொறி இல்லாத காலத்தில் இதை எப்படிக் கணக்கிட்டார்கள்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடிப் போனால் இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய புதுச்சேரிக்குப் போகவேண்டும். அங்கிருந்து திரும்பி வரும் வழியில், இன்று செயற்கை அறிவுக் கணிப்பொறிக்கு எழுதப்படும் குறிப்புகளைப் பற்றியும் ஒரு பாடம் கிடைக்கிறது. வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

தரையில் சோழி, மனத்தில் எண்கள்

ஜான் வாரன் என்பவர் சென்னை வானோக்குக் கூடத்தில் பணியாற்றியவர். நம் நாட்டுக் காலக் கணிதத்தைப் பற்றி ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை எழுதினார். அது 1825ல் சென்னையில் அச்சாயிற்று. புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தமக்குச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் அதில் விவரிக்கிறார். அவர் கையில் ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அவற்றைக் கூட்டியும் எடுத்தும் நகர்த்தியும் கணக்கை நடத்தினார். தேவையான அட்டவணை முழுவதும் சொற்களாக அவர் நினைவில் இருந்தது.

சொல் எப்படி எண்ணாகும்? இசை பயிலும் வாசகர்களுக்கு இது தெரிந்திருக்கும். கடபயாதி என்ற முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ‘ம’ என்றால் 5, ‘ய’ என்றால் 1. மாயாமாளவகௌளை என்ற ராகத்தின் முதல் இரண்டு எழுத்துகள் 5, 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 15. அது 15ஆவது மேளம்! இதே முறையில் நிலவின் இருப்பிடங்களையும் சொற்றொடர்களாகக் கட்டி வைத்தார்கள். இவற்றுக்கு ‘வாக்கியங்கள்’ என்று பெயர். நம் வீடுகளில் உள்ள வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயர் இதிலிருந்து வந்ததே.

நிலவு ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைவாகவும், தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் செல்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகும். ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால், மிக அருகாமையில், 248 நாட்கள். ஆகவே 248 வாக்கியங்கள் போதும். நாள்கணக்கிலிருந்து பெரிய சுழற்சிகளைக் கழித்துக்கொண்டே வந்து, மிச்சம் எத்தனையோ அந்த வாக்கியத்தை எடுத்து, கழித்த சுழற்சிகளுக்குரிய எண்களைக் கூட்டினால் நிலவின் இடம் கிடைத்துவிடும்.

இதன் பெருமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். யாரோ ஒருவர் ஒருமுறை சிந்தித்துச் செய்த வேலையை, அவருக்குப் பின் வந்த ஆயிரம் பேர் மீண்டும் சிந்திக்காமலே பயன்படுத்தலாம். வாரனுக்குக் கற்பித்தவர்க்கு வானியல் கொள்கை எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் கணக்கு தடையின்றி நடந்தது.

பலமும் அதுவே, பலவீனமும் அதுவே

கணக்கு எவ்வளவு சரியாக வந்தது? இவருக்கு முன்பே லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலார் புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, ஒரு தமிழர் அவருக்கு 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த மேயரின் அட்டவணைப்படி கணித்தாலோ 68 விநாடி கூடிற்று! ஆனால் வாரன் பார்த்த 1825ஆம் ஆண்டுக் கணிப்பில், தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது.

இரண்டும் சோழிக் கணக்குகளே. ஒன்று வியக்கும்படி பொருந்தியது, மற்றது தவறியது. முறைக்குள்ளேயே நின்றவருக்கு எது பொருந்தும், எது தவறும் என்று அறிய வழியில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். கேரளத்துப் பரமேசுவரர் அதைத்தான் செய்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிரகணங்களை நேரில் கண்டு, பழைய எண்களைத் திருத்தி, 1431ல் ‘திருக்கணிதம்’ என்ற முறையை வகுத்தார். ‘திருக்’ என்றால் பார்வை. பார்த்துத் திருத்திய கணிதம் அது.

கேம்பிரிட்ஜில் ஓர் அலமாரி

இனி கணிப்பொறிக் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் அமைத்த எட்சாக் என்ற கணிப்பொறி 1949 மே 6ஆம் நாள் முதல் கணக்கைச் செய்தது. கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் வரிசையே நிரல். அதைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்தி உள்ளே செலுத்தினார்கள். வர்க்கமூலம் காண்பது, சைன் மதிப்புக் காண்பது போன்ற வேலைகள் எல்லா நிரல்களிலும் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினால் ஒவ்வொரு முறையும் புதிய பிழை!

ஆகவே அத்தகைய வேலைகளைத் தனித்தனி நாடாக்களில் ஒருமுறை சரியாக எழுதி, சோதித்து, அலமாரியில் அடுக்கினார்கள். வேண்டியவர் எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக்கொள்வார். இவையே துணைநிரல்கள். 1951ல் அந்த நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. துணைநிரல் தன் வேலையை முடித்ததும், அழைத்த இடத்துக்கே கணிப்பொறி திரும்பிச் செல்ல வழி கண்டவர் டேவிட் வீலர் என்ற இளைஞர்.

வீலர் 1952ல் ஒரு கருத்தைச் சொன்னார். துணைநிரலை எழுதிச் சோதித்த பிறகும் ஒரு பெரிய வேலை மிச்சமிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாதவரும் எளிதில் பயன்படுத்தும்படி அதற்கு விளக்கம் எழுதவேண்டும். எல்லாவற்றிலும் கடினமான வேலை அதுவாகவே இருக்கக்கூடும் என்றார்.

மீண்டும் சொற்களுக்கே

எழுபது ஆண்டுகள் கழிந்தன. இன்று செயற்கை அறிவு உதவியாளரிடம் பேச்சு மொழியில் கேட்டாலே நிரலை எழுதித் தருகிறது. ஆனால் நம் ஆய்வகத்து வழக்கங்கள் அதற்குத் தாமாகத் தெரியா. ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து சொல்லவேண்டும். எனவே ஒரு வேலைக்குரிய குறிப்புகளை ஒருமுறை கோப்பாக எழுதி வைத்துவிடும் வழக்கம் வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் கிளாட் என்ற உதவியாளருக்கு ‘ஸ்கில்’ என்ற பெயரில் இம்முறையை அறிவித்தது. உதவியாளர் முதலில் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் சுருக்கமான விளக்கத்தையும் மட்டுமே படிக்கும். கையிலுள்ள வேலைக்குப் பொருந்தினால்தான் கோப்பைத் திறக்கும். விளக்கம் தெளிவாக இல்லாவிட்டால், உள்ளே எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பயனில்லை. வீலர் சொன்னது நினைவுக்கு வருகிறதா?

நானும் அப்படி ஒரு கோப்பை எழுதினேன். கம்பியின் யங் குணகம் காணும் சோதனையில் மாணவர் எடுத்த அளவுகளைக் கணக்கிட்டுத் தரும் நிரலுக்கான குறிப்பு அது. “திருகு அளவியின் அளவுகளுக்குச் சராசரி எடு” என்று எழுதினேன். சுழிப்பிழையைக் கழிக்கவேண்டும் என்பதை எழுத மறந்தேன். எனக்குத் தெரிந்ததுதானே என்ற நினைப்பு! உண்மையில் 0.40 மில்லிமீட்டர் உள்ள கம்பி 0.42 என்று பதிவாயிற்று. வாய்பாட்டில் ஆரத்தின் இருமடி வருவதால், விடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு வகுப்பு முழுவதற்கும் அதே பிழை! ஒரு மாணவன் தவறினால் அடுத்தவன் விடையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். குறிப்பே தவறினால் எல்லார் விடையும் ஒத்துப்போய்விடும். புத்தகத்தில் அச்சிட்டிருந்த மதிப்போடு ஒப்பிட்ட பின்தான் உண்மை தெரிந்தது.

இப்போது அந்தக் கோப்பைத் திருத்தியிருக்கிறேன். எந்தச் சோதனைக்கு இது, எந்தக் கருவிக்குப் பொருந்தாது என்று முதலிலேயே இருக்கிறது. என்ன அளவுகள் எந்த அலகில் வேண்டும் என்றும், சுழிப்பிழையைக் கேட்காமல் கணக்கைத் தொடங்கக்கூடாது என்றும் இருக்கிறது. ஏன் கழிக்கவேண்டும் என்று ஒரு வரி உண்டு. முடிவில், விடை தெரிந்த ஒரு கம்பியின் அளவுகளைக் கொண்டு சரிபார்க்கும் வழியும் உண்டு.

வாசகர்களே, நீங்களும் ஒருநாள் கணிப்பொறிக்கோ, பின்னால் வரும் மாணவர்க்கோ குறிப்பு எழுதப் போகிறவர்கள்தாம். செய்யவேண்டியதை எழுதுங்கள்; அதன் காரணத்தையும், சரிபார்க்கும் வழியையும் கூடவே எழுதுங்கள். சோழிகளை எவ்வளவு திறமையாக நகர்த்தினாலும், கிரகண இரவில் ஒருவராவது மாடிக்குப் போய் நிலவைப் பார்க்கத்தான் வேண்டும்.