சிப்புக்குக் கண் கிடையாது

ரோலன் மொரேனோ முதலில் யோசித்தது அட்டையை அல்ல, மோதிரத்தை. கெய்ரோவில் பிறந்த பிரெஞ்சுக்காரர், பத்திரிகை வேலைகளில் இருந்தவர், மின்னணுவியலைத் தானாகவே கற்றுக்கொண்டவர். விரலில் போட்டிருக்கும் மோதிரத்துக்குள் ஒரு நினைவகச் சிப். அதை ஒரு கருவியிடம் காட்டினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும், பணமும் கைமாறும். 1974 மார்ச் 25 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மோதிரம் பிறகு பிளாஸ்டிக் அட்டையாக மாறியது. பிரான்ஸில் இன்றும் சிப்பை 'ப்யூஸ்' என்றுதான் சொல்கிறார்கள். தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம்.

மோதிரம் என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வரும். இராமன் அனுமனிடம் கணையாழியைக் கொடுத்து அனுப்புகிறான். கணையாழி மட்டும் போதாது என்று அவனுக்கே தெரியும். அதனால் தனக்கும் சீதைக்கும் மட்டுமே தெரிந்த சில சங்கதிகளையும் சொல்லி அனுப்புகிறான். கையில் இருக்கும் ஒன்று, மனதில் இருக்கும் ஒன்று. இன்றைக்கு அட்டையும் பின் நம்பரும் என்கிறோம், விஷயம் அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். அசோகவனத்தில் சீதை வந்தவனைப் பார்க்கிறாள், பேச விடுகிறாள், எடைபோடுகிறாள், பிறகுதான் நம்புகிறாள். சிப்பால் அது முடியாது. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது. இந்தத் தொழில்நுட்பத்தின் ஐம்பது வருட வரலாற்றை நான் படித்த வரையில், பெரும்பாலான தலைவலிகள் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகின்றன.

மொரேனோவுக்கு முன்பே இதைத் தொட்டவர்கள் உண்டு. ஜெர்மனியில் யூர்கன் டெட்லோஃபும் ஹெல்முட் க்ரோட்ரூப்பும் 1968-லேயே விண்ணப்பித்திருந்தார்கள். க்ரோட்ரூப்பின் வாழ்க்கையைத் தனி நாவலாகவே எழுதலாம். இரண்டாம் உலகப் போரில் வி-2 ராக்கெட்டின் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை, போர் முடிந்ததும் சோவியத் யூனியனில் ஒரு தீவில் ஜெர்மன் பொறியாளர் குழுவுக்குத் தலைமை, 1953-ல் ஊர் திரும்பல். அதன் பிறகு ரூபாய் நோட்டு மாதிரியான பாதுகாப்பு அச்சுத் தொழிலில் இருந்த நிறுவனத்துக்குப் போகிறார். ராக்கெட்டை வழிநடத்தியவர் கடைசியில் வந்து நின்றது 'போலி செய்ய முடியாத பொருள்' என்ற கேள்வியில். நினைவகத்தோடு ஒரு நுண்செயலியையும் சேர்த்து, அட்டையையே குட்டிக் கணினி ஆக்கியது பிரான்ஸின் புல் நிறுவனத்தில் மிஷேல் உகோனின் வேலை. 1970-களின் கடைசியில் அது நடந்தது.

சரி, கடவுச்சொல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? கடவுச்சொல்லின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. எம்.ஐ.டி.யில் பலர் பகிர்ந்துகொண்ட கணினியில் ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. கடவுச்சொற்கள் எல்லாம் இருந்த கோப்பை அச்சடித்து எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு ரகசியத்தை இரண்டு இடத்தில் வைத்தால் அது நகலெடுக்கப்படும்.

ஸ்மார்ட் கார்டு இதைத் தலைகீழாகப் போட்டது. கணினி ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். சிப் தன்னிடமுள்ள ரகசியச் சாவியால் அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க, எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சாவி போதும். ரகசியச் சாவி சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. பல அட்டைகளில் அது உருவாவதும் உள்ளேயேதான். பின் நம்பரை வழக்கமாக மூன்று முறை தப்பாக அடித்தால் அட்டை பூட்டிக்கொள்ளும். நாலு இலக்கம் போதுமாக இருப்பது அதனால்தான்.

அட்டையையும் கணினியையும் சேர்த்து வைப்பது ரீடர். தீப்பெட்டி அளவில்கூடக் கிடைக்கும், பையில் போட்டுக்கொண்டு போகலாம். அட்டையின் தங்கநிறத் தகட்டைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும், கடிகாரத் துடிப்பு கொடுக்கும், பைட்டுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடத்தும். விண்டோஸ் 2000-ல், அட்டையைச் செருகி பின் நம்பர் அடித்து லாகின் செய்யும் வசதி இயங்குதளத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஆட்களுக்குப் பொது அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தது. 2004 ஆகஸ்டில் மத்திய அரசு ஊழியர் எல்லோருக்கும் அப்படி ஒரு அட்டை வேண்டும் என்று அதிபர் புஷ் உத்தரவு போட்டார்.

உத்தரவு போட்டால் முடிந்ததா? அமெரிக்க மத்திய அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தில் முக்கியமான மென்பொருள்கள் 47 இருந்தன. அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று கேட்டது அவற்றில் ஒன்றுகூட இல்லை என்று தணிக்கை அறிக்கை சொன்னது. அங்கே திருட்டு நடந்தது 2015-ல் வெளியே தெரிந்தது. போனது 2 கோடியே 15 லட்சம் பேரின் தகவல், அதில் 56 லட்சம் பேரின் கைரேகை. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை என்ன செய்வது?

ஆனால் அட்டையை ஒழுங்காகப் பயன்படுத்திய இடத்திலும் ஓட்டை இருந்தது. எனக்கு இந்தக் கதைதான் முக்கியமாகப் படுகிறது. பின் நம்பரை நீங்கள் அடிப்பது எங்கே? கணினியின் விசைப்பலகையில். கணினியில் ஏற்கெனவே ஒரு தீய நிரல் உட்கார்ந்திருந்தால் அது விசைகளைக் கவனித்து நம்பரைத் தெரிந்துகொள்ளும். அட்டை ரீடரில் செருகியே இருக்கும் நேரத்தில் உங்கள் பெயரில் தானே சிப்பைக் கூப்பிடும். சிப் யோசிக்காமல் கையெழுத்துப் போடும். சாவி திருடு போகவே இல்லை, அது பத்திரமாக உள்ளேதான் இருக்கிறது. வேலை மட்டும் திருடனுக்கு நடக்கிறது. 2012 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த சைக்கிபாட் நிரலின் ஒரு வடிவம் இதைத்தான் செய்தது. அதன் குறி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அட்டைகள்.

இதற்கு மருந்து முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. ஜெர்மன் வங்கிகள் ரீடர்களை வகுப்பு பிரித்து வைத்திருந்தன. முதல் வகுப்பு, வெறும் செருகும் பெட்டி. இரண்டாம் வகுப்பில் ரீடரிலேயே எண்பலகை இருக்கும், பின் நம்பர் கணினிக்குப் போகாது. மூன்றாம் வகுப்பில் ஒரு சின்னத் திரையும் உண்டு. எதற்குக் கையெழுத்துப் போடப் போகிறாய் என்று அதில் காட்டலாம். அதாவது, சிப்புக்கு இல்லாத கண்ணை ரீடரில் வைத்தார்கள். ஆனால் 2010-ல் ஜெர்மனி தன் குடிமக்களுக்குப் புது மின்னணு அடையாள அட்டை கொண்டுவந்தபோது, மானியத்தில் பரப்பியது எண்பலகை இல்லாத எளிய ரீடர்களை. கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் ஆட்கள், அந்த ரீடரோடு பின் நம்பரை எப்படிப் பிடிக்கலாம் என்று தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகவே செய்து காட்டினார்கள். சிப்புக்கு எத்தனையோ சான்றிதழ், பக்கத்தில் இருக்கிற பெட்டியில் மிச்சம் பிடிப்பது. வாசல் கதவைத் தேக்கில் செய்துவிட்டுத் தாழ்ப்பாளைத் தகரத்தில் போடுவது போலத்தான்.

பிரிட்டனில் சில வங்கிகள் வேறு வழியில் போயின. 2007 வாக்கில் வாடிக்கையாளர்களுக்குக் கால்குலேட்டர் மாதிரி ஒரு கையடக்க ரீடர் கொடுத்தார்கள். கணினியோடு வயர் கிடையாது. அட்டையைச் செருகி, பின் நம்பர் அடித்தால் ஓர் எண் வரும், அதைப் பார்த்துக் கணினியில் அடிக்க வேண்டும். தீய நிரலுக்குப் பின் நம்பர் கிடைக்காது. நல்ல யோசனை. 2009-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ட்ரிமர், மர்டாக், ஆண்டர்சன் மூவரும் இதன் ஓட்டைகளை எழுதினார்கள். அதில் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. ரீடர் பொதுவானது, எந்த அட்டையையும் போடலாம், பின் நம்பர் சரியா தப்பா என்று உடனே சொல்லும். தெருவில் வழிமறிக்கும் திருடன் முன்பெல்லாம் ஏ.டி.எம். வரை போக வேண்டும். இப்போது ரீடரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடி வாங்குகிறவர் சொல்லும் நம்பர் உண்மையா என்று அங்கேயே பார்த்துவிடலாம். கணினிக்குள் இருக்கும் திருடனைத் தடுக்கச் செய்த கருவி, கத்தியோடு நிற்கும் திருடனுக்கு உதவுகிறது.

எஸ்டோனியா இதில் எல்லோரையும்விட யோசித்துச் செய்த நாடு என்று எனக்குத் தோன்றும். 2002-லிருந்து அடையாள அட்டை. ஒரே அட்டைக்கு இரண்டு பின் நம்பர்: 'நான்தான் வந்திருக்கிறேன்' என்று சொல்ல ஒன்று, 'நான் இதற்குச் சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்திட இன்னொன்று. வருகையும் சம்மதமும் ஒன்றல்ல என்பதை வடிவமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். 13 லட்சம் பேர் உள்ள நாட்டில் மருந்துச் சீட்டும் வரிக் கணக்கும் வாக்கும் இந்த அட்டை வழியாகப் போயின.

2017 ஆகஸ்ட் 30 அன்று அவர்களுக்குத் தகவல் வந்தது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அட்டையில் இருந்த இன்ஃபினியான் சிப்பில் பிழை கண்டுபிடித்திருந்தார்கள். ஆர்.எஸ்.ஏ. சாவி செய்ய இரண்டு பெரிய பகா எண்கள் வேண்டும். சின்ன சிப்பில் அவற்றைத் தேடி எடுக்க நேரமாகும். அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். வரும் பகா எண்கள் எல்லாம் ஒரே சாயலில் இருந்தன. பொதுச் சாவியைப் பார்த்தாலே அந்தச் சாயல் தெரியும். தெரிந்தால், போதிய பணமும் கணினிகளும் உள்ளவர் ரகசியச் சாவியைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். அட்டையைத் தொடவே வேண்டாம். சுமார் ஏழரை லட்சம் அட்டைகள்.

செப்டம்பர் 5 அன்று பிரதமர் மக்களிடம் சொன்னார். அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல், இணைய வாக்களிப்பை நிறுத்தவில்லை. பொதுச் சாவிகளின் பட்டியலை மட்டும் மூடினார்கள். பொதுச் சாவியை ரகசியமாக்க வேண்டி வந்த நிலைமை! நவம்பர் 3 நள்ளிரவோடு பழைய சான்றிதழ்களை முடக்கினார்கள். அட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. அதே சிப்பில் வேறு கணித முறைக்கு, நீள்வட்ட வளைவு முறைக்கு, மாற முடிந்தது. வீட்டில் ரீடர் இருந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே புதுப்பித்தார்கள், மற்றவர்கள் காவல்துறை அலுவலகங்களில் வரிசையில் நின்றார்கள். சர்வர்கள் திணறியதால் மருத்துவர்கள் போன்றவர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டியிருந்தது. இத்தனை காலம் பலவீனமான கண்ணி என்று பேசப்பட்ட பெட்டி வழியாகத்தான் இந்த முறை மருந்து உள்ளே போனது.

நம் ஊரில் இந்த அட்டை அட்டையாக வரவில்லை. 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையெழுத்தை ஏற்றுக்கொண்டது. 2006-ல் கம்பெனி விவகார அமைச்சகம் படிவங்களை இணையத்தில் வாங்கத் தொடங்கியதும், இயக்குநர்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து தேவைப்பட்டது. அது வருவது பென் டிரைவ் மாதிரி ஒரு யூ.எஸ்.பி. டோக்கனில். பிரித்துப் பார்த்தால் ஸ்மார்ட் கார்டு சிப்பும் ரீடரும் ஒரே கூட்டுக்குள். எண்பலகை கிடையாது, திரை கிடையாது. ஜெர்மன் கணக்கில் முதல் வகுப்பு.

அந்த டோக்கன் பெரும்பாலும் உரியவர் கையில் இருப்பதும் இல்லை. எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் ஒரு மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். ரப்பர் பேண்டு போட்ட டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் கம்பெனி பெயர் எழுதிய ஸ்டிக்கர், சிலவற்றில் பின் நம்பரும். கடைசி தேதியில் பத்துப் பேரின் கணக்கை ஏற்ற வேண்டிய பையனுக்கு வேறு வழி கிடையாது, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நம்பர் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவர் பொறுப்பு என்கிறது. சாவி கைமாறிவிட்டது என்று சான்றளித்த நிறுவனத்துக்கு அவர் தெரிவிக்கும் வரை அந்தப் பொறுப்பு அவருடையதுதான். இழுப்பறையில் இருக்கும் அந்த டோக்கன் எந்தப் படிவத்தில் எப்போது கையெழுத்துப் போட்டது என்று இயக்குநருக்குத் தெரியவருவது, பல நேரம் நோட்டீஸ் வந்த பிறகு.