காதல் கடிதப் புழு (2000): தனிக் கணினிப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு திருப்பம்

காதல் கடிதப் புழு என்பது 2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் வியாழக்கிழமையன்று, பிலிப்பைன்சு நாட்டின் தலைநகரான மணிலாவிலிருந்து புறப்பட்டு, ஒரே நாளில் உலகின் பெரும்பகுதியைச் சுற்றி வந்த ஒரு தீங்குநிரல் ஆகும். 'ஐ லவ் யூ' என்ற தலைப்பைக் கொண்ட மின்னஞ்சலாக வந்ததால் அதற்கு இப்பெயர் ஏற்பட்டது. விண்டோசு இயங்குதளம் கொண்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட கணினிகள் இதனால் பாதிக்கப்பட்டதாகக் கணிக்கப்பட்டது. வீட்டு மேசையில் இருக்கும் தனிக் கணினியையும் அதிலுள்ள தரவுகளையும் காப்பது எப்படி என்ற கேள்வியைப் பொதுமக்கள் முன் வைத்த நிகழ்வுகளில் இது முதன்மையானது.

பின்னணி

தனிக் கணினிகளைத் தாக்கிய தொடக்ககால நச்சுநிரல்கள் நெகிழ்வட்டுகளின் வழியாகப் பரவின. 1986இல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' அவற்றுள் நன்கு அறியப்பட்டது. அதன் நிரலுக்குள் அவர்களுடைய பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருந்தன. ஒரு நெகிழ்வட்டு கைமாறினால்தான் நச்சுநிரலும் கைமாறும் என்பதால், அது ஊர்விட்டு ஊர் போகவே நாட்கள் ஆயின. 'அறியாதவர் தரும் வட்டைக் கணினியில் செருகாதே' என்ற ஒரே விதி அக்காலத்திற்கு ஏறக்குறையப் போதுமானதாக இருந்தது.

மின்னஞ்சல் பரவியபின் அந்த விதி பயனற்றுப் போயிற்று. 1999 மார்ச்சில் தோன்றிய 'மெலிசா', வேர்டு ஆவணத்தில் ஒளிந்து வந்து, அதைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலிலுள்ள முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பியது. ஆபத்து இப்போது அறியாதவரிடமிருந்து வரவில்லை. நன்கு அறிந்தவரின் பெயரிலேயே வந்தது. அடுத்த ஆண்டு வந்த காதல் கடிதப் புழு இந்த உத்தியை இன்னும் விரிவாக்கியது.

செயல்பட்ட முறை

மின்னஞ்சலுடன் இணைக்கப்பட்டிருந்த கோப்பின் முழுப் பெயர் 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்பதாகும். ஒரு கோப்புப் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதியே நீட்சி எனப்படும். அக்கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. 'டிஎக்ஸ்டி' என்பது வெறும் எழுத்துக்கோப்பு, திறந்தால் தீங்கில்லை. 'விபிஎஸ்' என்பது கணினி நிறைவேற்றும் கட்டளைத் தொகுப்பு.

அறியப்பட்ட நீட்சிகளை மறைத்துக் காட்டுவது விண்டோசின் இயல்பான அமைப்பாக இருந்தது. எனவே கடைசியில் இருந்த 'விபிஎஸ்' பலருடைய திரையில் தெரியவில்லை. கண்ணில் பட்டது 'டிஎக்ஸ்டி' என்ற போலி நீட்சி மட்டுமே. கடிதம் என்று எண்ணிச் சொடுக்கியவர்கள் உண்மையில் ஒரு நிரலை இயக்கினார்கள்.

இயங்கத் தொடங்கிய புழு மூன்று வேலைகளைச் செய்தது. முதலாவதாக, அவுட்லுக் மென்பொருளின் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பியது. மெலிசாவின் 50 என்ற வரம்பு இதற்கு இல்லை. இரண்டாவதாக, கணினியிலிருந்த பல கோப்புகளை அழித்து, அவற்றின் இடத்தில் தன் நகலை வைத்தது. ஜேபெக் வகை நிழற்படங்கள் இவ்வாறே அழிந்தன. எம்பி3 இசைக்கோப்புகளை மட்டும் அழிக்காமல் மறைத்து வைத்தது. மூன்றாவதாக, கடவுச்சொற்களைத் திருடும் வேறொரு நிரலை இணையத்திலிருந்து இறக்க முயன்றது.

பரவலும் இழப்பும்

ஆசியாவில் அலுவலகங்கள் திறந்த நேரத்தில் பரவத் தொடங்கிய புழு, பொழுது விடிந்த திசையெல்லாம் சென்றது. ஐரோப்பா விழித்தபோது அங்கேயும், பின்னர் அமெரிக்காவிலும் அஞ்சல் வழங்கிகள் திணறின. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மக்களவை தன் மின்னஞ்சல் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் பாதிப்புக்கு உள்ளானது.

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள் ஏற்கெனவே அறிந்த நிரல்களின் அடையாளங்களைக் கொண்டே புதிய கோப்புகளைச் சோதித்தன. இப்புழுவின் அடையாளம் அவற்றின் பட்டியலில் அப்போது இல்லை. பட்டியல் புதுப்பிக்கப்படுவதற்குள் பெரும்பாலான சேதம் நடந்து முடிந்துவிட்டது. மேலும், புழுவின் நிரல் எவரும் படிக்கக்கூடிய எழுத்து வடிவில் இருந்ததால், அதைச் சற்றே மாற்றிப் புதிய வடிவங்களைப் பிறர் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று, அன்னையர் நாள் வைரப் பரிசுக்காகப் பெறுநரின் கடனட்டையில் பணம் எடுக்கப்பட்டதாகக் கூறியது. காதலுக்கு மயங்காதவரும் பணம் போயிற்றோ என்ற பதற்றத்தில் அதைத் திறந்தனர்.

கணினியோடு இணைந்திருந்த வலையமைப்பு வட்டுகளிலும் புழு நுழைந்தது. ஆகவே, படங்களின் நகலை எப்போதும் இணைப்பிலிருந்த வேறொரு வட்டில் வைத்திருந்தவர்களும் இரண்டையும் இழக்க நேர்ந்தது. குறுவட்டில் பதிந்து அலமாரியில் வைத்தவர்களின் நகல்களே தப்பின.

எழுதியவர்

புலனாய்வாளர்களின் தேடல் மணிலாவின் ஏஎம்ஏ கணினிக் கல்லூரி மாணவராக இருந்த ஒனெல் டி குஸ்மானிடம் சென்றது. பிறருடைய இணையக் கடவுச்சொற்களைக் கைப்பற்றும் நிரல் ஒன்றைத் தன் பட்டத்திற்கான ஆய்வுத் திட்டமாக அவர் முன்மொழிந்திருந்தார். தொலைபேசிவழி இணைய இணைப்பு ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலம் அது. அத்திட்டம் சட்டத்திற்குப் புறம்பானது என்று கல்லூரி மறுத்துவிட்டது. 2000 மே மாதம் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், புழுவைத் தான் தவறுதலாக வெளியிட்டிருக்கலாம் என்ற அளவிலேயே அவர் தரப்பு பேசியது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் பிரித்தானிய இதழாளர் ஜெஃப் ஒயிட், மணிலாவில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த டி குஸ்மானைக் கண்டு பேசினார். புழுவை எழுதியவர் தாமே என்று அப்போது அவர் ஒப்புக்கொண்டார். இலவச இணையத்திற்காகக் கடவுச்சொல் பெறுவதே நோக்கம் என்றும், உலகம் முழுவதும் பரவும் என எண்ணவில்லை என்றும் கூறி வருத்தம் தெரிவித்தார். அன்பை விரும்பாதவர் இல்லை என்பதாலேயே அந்தத் தலைப்பைத் தேர்ந்ததாகவும் சொன்னார்.

சட்டம் இல்லாத குற்றம்

எழுதியவர் யார் என்ற ஐயம் வலுவாக இருந்தும் தண்டனை கிடைக்கவில்லை. தீங்குநிரல் எழுதிப் பரப்புவதைக் குற்றமாக்கும் சட்டம் அன்று பிலிப்பைன்சில் இல்லை. கடனட்டை, கடவுச்சொல் மோசடிகளுக்கான சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்கு 2000 ஆகத்தில் கைவிடப்பட்டது. மின்வணிகச் சட்டம் 2000 சூனில் நிறைவேறியபோதும், நிகழ்வுக்குப் பின் வந்த சட்டத்தை முன்நடந்த செயலுக்குப் பயன்படுத்த இயலவில்லை. இதற்கு மாறாக, கணினிக் குற்றச் சட்டம் 1986 முதலே இருந்த அமெரிக்காவில், மெலிசாவை எழுதியவர் சிறை சென்றார்.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 சூன் 9இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. இதன் முன்வரைவு காதல் கடிதப் புழுவுக்கு முன்பே தயாராகியிருந்தது. பிறருடைய கணினியில் நச்சுநிரலைப் புகுத்துவோர் இழப்பீடு தர வேண்டும் என்பதை இதன் 43ஆம் பிரிவு கூறுகிறது. கணினி அவசர நிலைகளைக் கவனிக்கும் தேசிய அமைப்பான செர்ட்-இன் 2004இல் செயல்படத் தொடங்கியது.

விளைவுகளும் பாடங்களும்

நிகழ்வுக்கு அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவுட்லுக்கிற்கு ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. இயங்கும் வகை இணைப்புகளை அது தடுத்தது. வேறொரு நிரல் முகவரிப் பட்டியலைத் தொட முயன்றால் பயனரிடம் கேட்டது. 2004இல் விண்டோசு எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தத் தொகுப்பு, தீச்சுவரைத் தானாகவே இயங்கும்படி அமைத்தது.

ஆயினும் திருத்தம் வெளியாவது மட்டும் போதாது; அதை நிறுவவும் வேண்டும். 2017 மே 12இல் பரவிய 'வான்னாகிரை' புழு பயன்படுத்திய ஓட்டைக்கு, அதே ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகளில் கோப்புகள் பூட்டப்பட்டு, மீட்புப் பணம் கேட்கப்பட்டது.

காதல் கடிதப் புழு விட்டுச்சென்ற பாடங்கள் இன்றும் பொருந்துவன:

அனுப்பியவரை அறிவோம் என்பதாலேயே இணைப்பு நம்பத்தக்கது ஆகாது. எதிர்பாராத கோப்பு வந்தால், திறக்கும்முன் அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

கோப்பு நீட்சிகள் திரையில் தெரியும்படி அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். விண்டோசு இன்றும் அவற்றை இயல்பாக மறைத்தே காட்டுகிறது.

முக்கியமான கோப்புகளுக்குக் குறைந்தது ஒரு காப்பு நகலாவது கணினியிலிருந்து கழற்றித் தனியே வைக்கப்பட வேண்டும்.

இயங்குதளத் திருத்தங்களைக் காலம் தாழ்த்தாமல் நிறுவ வேண்டும்.

இன்று திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் கைப்பேசிக்கு வரும் 'ஏபிகே' கோப்பும் இதே வகையைச் சேர்ந்தது. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆவணமாகவோதான் வரும். 'ஏபிகே' என்பது கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. பெயரின் கடைசி மூன்று எழுத்துகளைப் பார்க்கும் பழக்கம், 2000இல் கணினியைக் காத்திருக்கும். இன்று வங்கிக் கணக்கையும் காக்கும்.