குழந்தைப் பால்மாவும் அமில-கார சமநிலையும்

குழந்தைப் பால்மாவு என்பது தாய்ப்பால் கிடைக்காத கைக்குழந்தைகளுக்காக, பெரும்பாலும் விலங்குப் பாலைத் திருத்தி ஆக்கப்படும் தூள் உணவு ஆகும். இதிலுள்ள புரதம், உப்புகள் ஆகியவற்றின் அளவு குழந்தையின் குருதியிலுள்ள அமில-கார சமநிலையைப் பாதிக்கிறது. குருதியின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 7.35 முதல் 7.45 வரை இருத்தல் வேண்டும்.

அமிலமிகை

100 மி.லி. தாய்ப்பாலில் ஏறக்குறைய 1 கிராம் புரதமே உள்ளது. பசும்பாலில் இது 3.3 கிராம், எருமைப்பாலில் ஏறக்குறைய 4 கிராம். புரதத்திலுள்ள கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் சிதையும்போது கந்தக அமிலம் தோன்றுகிறது. எலும்பு வளர்கையிலும் ஐதரசன் அயனிகள் வெளிப்படுகின்றன. இவற்றைச் சிறுநீரகமே அகற்ற வேண்டும். குறைமாதக் குழந்தையின் சிறுநீரகம் இதற்குப் போதிய முதிர்ச்சி பெற்றிருப்பதில்லை. ஆகவே, புரதம் மிகுந்த பால்மாவு உண்ட குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்து சில வாரங்களுக்குள் குருதியில் பைகார்பனேட்டு குறைந்தது. உணவு போதிய அளவு கிடைத்தும் சிலருக்கு எடை கூடவில்லை. 1960களில் விவரிக்கப்பட்ட இந்நிலை, புரத அளவு குறைக்கப்பட்ட பின்னர் அரிதாயிற்று.

இந்தியாவில் எருமைப்பால்

எருமைப்பாலைத் தூளாக்க இயலாது என்ற கருத்தை 1950களில் ஆனந்தில் எச். எம். தலாயா பொய்யாக்கினார். எனினும் அத்தூளை அப்படியே கைக்குழந்தைக்குக் கொடுக்க இயலாது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அதன் கொழுப்பைக் குறைத்து, எளிதில் செரிக்குமாறு திரிதன்மையை மாற்றி, உயிர்ச்சத்துகள் சேர்த்துக் குழந்தை உணவு ஆக்கும் முறையை உருவாக்கியது. அமுல் நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை நாடு பெரிதும் இறக்குமதியையே நம்பியிருந்தது என்பதால் இது சிறிய செயலன்று.

காரமிகை

இதற்கு நேர்மாறான கேடு அமெரிக்காவில் நிகழ்ந்தது. நியோ-முல்-சோய் என்னும் சோயா பால்மாவில், உப்பு மிகுதல் நல்லதன்று எனக் கருதி 1978இல் சமையல் உப்பு சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதனுடன் குளோரைடும் குறைந்தது. குளோரைடு குறைந்தால் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றாமல் தேக்கி வைக்கும், பொட்டாசியம் இழக்கப்படும், குருதி காரத்தன்மை அடையும். 1979இல் பல குழந்தைகள் பசியின்றியும் வளர்ச்சி குன்றியும் மருத்துவமனைக்கு வந்தபோதே காரணம் தெரியவந்தது. இதன் விளைவாக 1980இல் அந்நாட்டில் குழந்தைப் பால்மாவுச் சட்டம் இயற்றப்பட்டது.

தற்போதைய பன்னாட்டு உணவுத்தர நெறி, 100 கிலோகலோரிக்கு 50 முதல் 160 மி.கி. குளோரைடு இருக்க வேண்டும் என்கிறது. பசும்பாலிலிருந்து செய்யப்படும் பால்மாவிற்குப் புரத அளவு 1.8 முதல் 3 கிராம் வரை. இவ்வளவுகள் தகரக் குவளையில் குறிப்பிட்டபடி கரைத்தால் மட்டுமே பொருந்தும். "கெட்டியாக இருந்தால் சத்து" என ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவது புரதச் சுமையையும் உப்புச் சுமையையும் ஒருசேர ஏற்றிவிடும்.