பேழை சுருங்கிய கதை

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் பணித்தபோது, மன்னர்களைப் பற்றியோ கல்வெட்டுகளைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அறிஞர் பலர் ஆராய்ந்து எழுதிய துறைகள் அவை. அவற்றைக் காட்டிலும், நம் ஒவ்வொருவர் வீட்டுக் கூடத்திலும் நம் கண்ணெதிரே நடந்து முடிந்த வரலாறு ஒன்று உண்டு. அதனை எழுதுவதே தக்கது எனத் துணிந்தோம்.

அலுவலினின்று ஓய்வு பெற்றுச் சென்ற ஆண்டு நாம் பெரிய குடியிருப்பை விட்டு, லேக் மார்க்கெட்டுக்கு அருகில் இரண்டே அறைகள் கொண்ட சிறு இல்லத்திற்குக் குடிபெயர்ந்தோம். கட்டிலுக்கும் பீரோவுக்கும் எவ்வாறோ இடம் கிடைத்தது. இசைக் கருவிகளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. இடுப்பளவு உயர்ந்த ஒலிபெருக்கிப் பேழைகள் இரண்டு, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இசைத்தட்டுச் சுழற்றி ஒன்று, காசெட் கருவி ஒன்று, இவற்றைப் பிணைக்கும் கம்பிகள் ஒரு கூடை. 1980-களில் ஊதியத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை அவை. பல நாள் தயங்கியபின், இசையார்வம் மிக்க இளைஞர் ஒருவரிடம் அவற்றை ஒப்படைத்தோம். அகராதி அளவினதாகிய சிறு பெட்டி ஒன்று இப்பொழுது நம் மேசைமேல் இருந்து பாடுகிறது. இம்மாற்றத்தால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

அரக்கும் இசைத்தட்டும்

இக்கதையின் தொடக்கத்தைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1902-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் இந்நகருக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். அந்நாளில் பதிவுகளைக் கப்பலேற்றி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்கு அனுப்பித் தட்டுகளாக்கிக் கொணர வேண்டியிருந்தது. 1908-இல் சியால்டாவில் தொழிற்சாலை எழுந்தபின் அத்தொல்லை நீங்கிற்று. 1928-இல் அது டம்டம்முக்கு இடம் பெயர்ந்தது.

அத்தட்டுகளின் உயிர்ப்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அது. இன்றைய ஜார்க்கண்டின் காடுகளில் திரட்டப்பட்ட அரக்கு, கல்கத்தாத் துறைமுகத்தின் வழியாகவே உலகெங்கும் சென்றது. எந்நாட்டுப் பாடகரின் குரலும் பெரும்பாலும் நம் நாட்டு அரக்கின்மேல் எழுதப்பட்ட காலம் அது.

அரக்குத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். விரிவாக ஆலாபனை செய்து பழகிய நம் வித்துவான்கள், ஓர் இராகத்தின் சாரத்தை மூன்று நிமிடத்துள் பிழிந்து தர நேர்ந்தது இதனாலேயே. ஒரு மாலைப்பொழுது இசை கேட்க வேண்டுமாயின் தட்டுகள் ஓர் அடுக்கு வேண்டும். அவற்றை வைக்க அலமாரி வேண்டும். மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து சென்று மாற்ற ஓர் ஆள் வேண்டும். நம் வீட்டில் அந்த ஆளாக நாமே இருந்தோம்.

இரண்டாம் உலகப்போரின்போது அரக்கு போர்த்தேவைக்கு உரிய பொருளாயிற்று. 1942-இல் அமெரிக்க அரசு அதன் பயனுக்குக் கட்டுப்பாடு விதிக்கவே, வினைல் என்னும் செயற்கைப் பொருளின்மேல் பதிவாளர் கவனம் சென்றது. வினைலில் நுண்ணிய பள்ளங்களை நெருக்கமாகக் கீற முடிந்தது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நெடுந்தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறையே சுழன்றது. அதன் ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்கு மேலும் பாடிற்று. அலமாரியின் சுருக்கம் இங்கே தொடங்கியது எனலாம்.

வால்வும் டிரான்ஸிஸ்டரும்

நம் தந்தையார் காலத்து ரேடியோகிராம் ஒரு மரப்பெட்டி மட்டுமன்று. அது கூடத்தின் தலைமைப் பீடம். மேலே இசைத்தட்டு, முன்னே வானொலி, உள்ளே வால்வுகள். குமிழைத் திருகியவுடன் அது பேசாது. வால்வின் இழை சூடேறும்வரை காத்திருத்தல் வேண்டும். வால்வுகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். அதனைத் தரக் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிறக்கும் வெப்பம் வெளியேற உள்ளே வெற்றிடம் வேண்டும். பெட்டி பெரிதாக இருந்ததற்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணமன்று.

1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் அமைந்தன. அவற்றின் ஒலி இரவு நேரங்களில் இரைச்சலினூடே இங்கு வந்து சேரும். தமிழ்ச் சொல் ஒன்று காதில் விழுவதற்காக நம்மவர் அப்பெட்டியைச் சூழ்ந்து மூச்சடக்கி அமர்ந்திருந்ததை மூத்த உறுப்பினர் மறந்திரார். பெட்டி ஒன்று, கேட்போர் பதின்மர். பெட்டி வாங்க இயலாதோரும் பெட்டியுடையோரின் கூடத்தில் உரிமையோடு வந்து அமர்ந்தனர்.

1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன் ஆகிய இருவரும் முதல் டிரான்ஸிஸ்டரை இயக்கிக் காட்டினர். அவர்களும் ஷாக்லியும் 1956-இல் நோபல் பரிசு பெற்றனர். 1954-இல் நான்கே டிரான்ஸிஸ்டர்கள் கொண்ட ரீஜென்சி வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானிய சோனியும் களம் புகுந்தது. சூடேறக் காத்திருத்தல் இல்லை. கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. சில பாட்டரிகளே போதும். வானொலி கூடத்தை விட்டுச் சமையலறைக்கும் தலையணைக்கும் சென்றது. ஆளுக்கொரு பெட்டி ஆயிற்று. பதின்மர் சூழ்ந்திருந்த வட்டம் அவிழத் தொடங்கியதும் அன்றே.

காற்றே வில்லாயிற்று

வானொலி சிறுத்தபோதும் நல்லிசைக் கருவி சிறுக்கவில்லை. மிருதங்கத்தின் தொப்பி ஒலி போன்ற தாழ்ந்த ஒலிகளை எழுப்புவதற்கு மிகுந்த காற்றை அசைத்தல் வேண்டும். ஆதலின் ஒலிபெருக்கிப் பேழை பீரோ அளவு இருந்தாக வேண்டும் என்றே பலரும் நம்பினர். 1954-இல் எட்கர் வில்ச்சர் என்பார் இந்நம்பிக்கையைத் தகர்த்தார். காற்றுப் புகாது மூடிய சிறு பேழைக்குள் அடைபட்ட காற்றையே அவர் வில்லாகப் பயன்படுத்தினார். அதிர்ந்து முன் வரும் கூம்பை அக்காற்று பின்னிழுக்கும். பின் செல்லும் கூம்பை முன் தள்ளும். சிறு பேழையிலிருந்து ஆழ்ந்த ஒலி பிறந்தது.

ஆயினும் இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. அத்துறை அறிஞர் ஹாஃப்மன் ஒரு விதியைச் சுட்டினார். ஆழ்ந்த ஒலி, சிறிய பேழை, குறைந்த மின்திறனில் உரத்த ஓசை என்னும் மூன்றனுள் இரண்டையே ஒருவர் பெறலாம். மூன்றாவதைக் கைவிடல் வேண்டும் என்பதே அவ்விதி. சிறிய பேழைகள் மின்திறனை மிகுதியாக உண்டன. அத்திறனை மலிவாகத் தருவதற்கு டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பின்னர் வந்து சேர்ந்தன. இதற்கிடையே 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக வெளிவரவே, ஒரு பேழை இருந்த இடத்தில் இரண்டு வைக்கும் தேவை எழுந்தது. இரண்டு பீரோக்களை எந்த இல்லத்தரசியார் கூடத்தில் நிறுத்த இசைவார்? புத்தக அலமாரியில் அடங்கும் பேழைகளுக்கு வரவேற்பு மிகுந்தது.

நாடாவும் அதன் பின்னும்

1963-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் காசெட்டை அறிமுகம் செய்தது. சட்டைப்பையில் அடங்கும் அச்சிறு கூட்டினுள் நாடா சுற்றப்பட்டிருந்தது. பக்கத்திற்கு அரைமணி நேரம் பாடிற்று. அதனினும் பெரிய மாறுதல் ஒன்றுண்டு. இசைத்தட்டைக் கேட்கத்தான் முடியும். காசெட்டிலோ எவரும் தாமே பதிவு செய்யலாம். தொழிற்சாலையின் உரிமை குடும்பத்தின் கைக்கு வந்தது. மகளின் அரங்கேற்றமும் பாட்டியின் தாலாட்டும் நம் சங்கத்தின் பொங்கல் விழாவும் நாடாவில் ஏறின.

1979-இல் வாக்மேன், 1982-இல் குறுந்தட்டு, 2001-இல் ஐபாட் என்று அடுத்தடுத்து வந்தவை யாவரும் அறிந்தவையே. டிரான்ஸிஸ்டரை நொடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடி இயக்கும் முறை பரவியபின், ஆம்ப்ளிஃபயரின் வெப்பமும் பருமனும் மேலும் குறைந்தன. டம்டம் தொழிற்சாலைக்கு உரிய பழைய நிறுவனம், இன்று சரிகம என்னும் பெயருடையது. அதுவே 2017-இல் 5,000 பாடல்கள் அடங்கிய கைப்பெட்டியை வெளியிட்டது. பக்கத்திற்கு ஒரு பாடல் எனக் கொள்ளின் அது 2,500 அரக்குத் தட்டுகளுக்கு நேர். அத்தனை தட்டுகளையும் நாம் இன்று வாழும் இல்லம் தாங்காது.

நாம் மறந்த ஒன்று

ஆகவே பெரிய கருவியைத் துறந்ததற்கு நாம் வருந்தினோமில்லை. அறுபதைக் கடந்த செவிக்கும் பத்தடி அறைக்கும் சிறிய பெட்டி போதும். ஒலியின் ஆழம் சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் கம்பிகளைத் துடைத்துக் கொண்டிருந்த நேரத்தில் இப்பொழுது பாட்டையே கேட்கிறோம்.

வருத்தம் பின்னரே வந்தது. புதிய இல்லத்தில் கடைசி அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது காசெட்டுகள் பதினான்கு கிடைத்தன. திரைப்பாடல்களை ஒதுக்கியபின் எஞ்சியது ஒன்று. அதன்மேல் நம் கையெழுத்தில் ‘சங்க விழா, 1983’ என்றிருந்தது. கையில் நாடா இருக்கிறது. ஆனால் அதனைப் பேசவைக்கும் கருவி நம்மிடம் இல்லை. மேசைமேல் இருந்த சிறு பெட்டி உலகத்துப் பாடல்களையெல்லாம் அறியும். அந்த ஒன்றை மட்டும் அறியாது.

கருவியைப் பெற்றுச் சென்ற இளைஞரிடமே மீண்டும் சென்றோம். அவர் முகங்கோணாது, இறுகிப்போன ரப்பர்ப் பட்டையை மாற்றிக் கருவியை இயக்கித் தந்தார். முதலில் இரைச்சல்; பின்னர்க் கடவுள் வாழ்த்து. மறைந்துபோன பெரியவர் மூவரின் குரல்கள் அடுத்தடுத்து எழுந்தன. இடையே தேநீர்க் கோப்பைகள் மோதும் ஓசை. பெண்கள் கும்மி பாடும் இடத்தில் ஒருவர் அடி தவற, மற்றவர் சிரிக்கின்றனர். அச்சிரிப்பில் ஒன்று நம் அன்னையாருடையது. அவர் குரல் பதிந்த நாடா வேறு நம்மிடம் இல்லை. அவ்விளைஞருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் அவர் எழுந்து சென்று சன்னலைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தார்.

கருவி சுருங்கியதன் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே. புகழ்பெற்றோரின் இசை எப்பெட்டிக்கும் வந்து சேரும். அதற்குக் காவலர் பலர். நாம் எடுத்த பதிவுகளுக்கோ நாமே காவல். பிறமொழி நாட்டில் தமிழர் கூடி வாழ்ந்ததன் சான்றுகள் கல்லில் இல்லை. நம் பரண்மேல், பூஞ்சணம் ஏறும் நாடாக்களில் இருக்கின்றன.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டைச் சுருக்குங்கள், கருவியையும் சுருக்குங்கள், அது அறிவுடைமையே. ஆனால் கருவியைக் கொடுப்பதற்கு முன், வேறெங்கும் கிடைக்காத பதிவு எதுவெனத் தேடிப் படியெடுத்து, யார் குரல், எந்நாள் எனக் குறித்து வையுங்கள். நம் சங்க நூலகத்தில் நல்ல காசெட் கருவி ஒன்றும் இசைத்தட்டுச் சுழற்றி ஒன்றும் பொதுவில் இருக்குமாறு செயற்குழுவினர் ஆவன செய்தல் வேண்டும். அவ்விளைஞர் நம் பழைய கருவியைத் திங்களுக்கு ஒரு ஞாயிறு சங்கத்திற்குக் கொணர இசைந்துள்ளார். அந்நாளில் பழையபடி ஒரு பெட்டியைச் சுற்றிப் பதின்மர் அமரலாம். அந்த 1983-ஆம் ஆண்டு நாடாவையே முதலில் கேட்போம். அதில் தம் தாய்தந்தையர் குரலை அடையாளம் காண்போர் நம்மிடையே இன்னும் பலர் உளர்.