எம்ஜிபி காரும் உயரம் குறைக்கும் ஸ்பிரிங்குகளும்: ஒரு வரலாறு

எம்ஜிபி என்பது இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உருவாக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. 1974இல் அமெரிக்கச் சட்டத்துக்கு இணங்க இக்காரின் உடல் உயர்த்தப்பட்டது. அதனால் வளைவுகளில் அது ஓடும் விதம் கெட்டது. இழந்ததை மீட்க உரிமையாளர்கள் வெளிச்சந்தையில் உயரம் குறைக்கும் ஸ்பிரிங்குகளை வாங்கிப் பொருத்தினர். இன்றும் பழைய எம்ஜிபி வைத்திருப்பவர்கள் அவ்வாறே செய்கின்றனர். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் இழந்தது முழுவதும் திரும்புமா என்ற கேள்விக்கு இவ்வரலாறு விடை தருகிறது.

தொடக்க கால அமைப்பு

சிட் எனெவர் தலைமையில் வடிவமைக்கப்பட்ட எம்ஜிபியில் 1,798 கன செ.மீ. எஞ்சின் இருந்தது. முன்சக்கரங்களுக்குச் சுருள்வில்லும், பின்புறத்தில் ஒரே தண்டான அச்சைத் தாங்க நம் ஊர் லாரிப் பட்டறைகளில் 'கமான் பட்டை' என்று சொல்லப்படும் பட்டை வில்லும் பயன்பட்டன. அதிர்வை அடக்க நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர்கள் இருந்தன. முன்புறத்தில் அந்த நெம்புகோலே சக்கரத்தைப் பிடிக்கும் மேற்கரமாகவும் வேலை செய்தது. அந்தக் காலத்துக்கும் இது எளிய அமைப்புதான். ஆயினும் கார் தாழ்வாக இருந்ததால் வளைவுகளில் நம்பி ஓட்ட முடிந்தது.

1974ஆம் ஆண்டின் மாற்றம்

அமெரிக்கக் கூட்டரசுப் பாதுகாப்பு விதி 215, 1972 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 5 மைல், அதாவது சுமார் 8 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதினாலும் காரின் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்றவை சேதமடையக் கூடாது என்பது அதன் சாரம். பின்னர் பம்பர் தரையிலிருந்து இருக்க வேண்டிய உயரமும் வரையறுக்கப்பட்டது.

எம்ஜிபியின் உரிமை நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட், பன்னிரண்டு ஆண்டுப் பழமையான அக்காரைப் புதிதாக வடிவமைக்கவில்லை. 1974 செப்டம்பரில் பளபளக்கும் குரோம் பம்பர்களை நீக்கி, உள்ளே எஃகும் வெளியே கறுப்பு நெகிழியும் கொண்ட கனமான பம்பர்களைப் பொருத்தியது. மக்கள் இவற்றை 'ரப்பர் பம்பர்' என்றனர். பம்பர் தேவையான உயரத்துக்கு வர வேண்டும் என்பதற்காக உடலையே ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை தூக்கினர். முன்புறத்தில், சக்கரக் கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இதற்காக மாற்றப்பட்டது. 1975ஆம் ஆண்டு மாடலில் செலவைக் குறைக்க முன்புறச் சாய்வுத் தடுப்புத் தண்டையும் நீக்கினர்; விரும்பியவர்கள் தனியாகப் பணம் கட்டி அதைப் பெறலாம்.

கணக்கு சொல்வது என்ன?

ஓர் அங்குலம் அவ்வளவு பெரிய கேட்டைச் செய்யுமா? ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு காரின் நிறை 1,000 கிலோ, ஈர்ப்பு மையத்தின் உயரம் 50 செ.மீ., இடவலச் சக்கரங்களுக்கு இடைவெளி 125 செ.மீ. என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 பங்கு பக்கவாட்டு முடுக்கத்துடன் கார் திரும்பினால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் பாரம்:

0.7 × 1,000 × 50 ÷ 125 = 280 கிலோ

ஈர்ப்பு மையத்தை 2.5 செ.மீ. தாழ்த்தினால் இது 266 கிலோ ஆகும். குறைவது 14 கிலோ, அதாவது 5 விழுக்காடு மட்டுமே. இக்கணக்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு எங்கும் வரவில்லை என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். விறைப்பான ஸ்பிரிங் மொத்தப் பார மாற்றத்தைக் குறைப்பதில்லை. அது உடல் சாயும் கோணத்தைக் குறைக்கிறது; மாறும் பாரத்தை முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதையும் மாற்றுகிறது.

ஆகவே எம்ஜிபி கெட்டதற்கு உயரம் மட்டுமே காரணமன்று. சாய்வுத் தடுப்புத் தண்டு போனது, காரின் இரு முனைகளிலும் எடை கூடியது, உடல் சாயும்போது பின்னச்சு சற்றே திரும்பிக்கொள்ளும் இயல்பு மிகுந்தது ஆகியவையும் சேர்ந்துகொண்டன. உற்பத்தியாளரும் இதை உணர்ந்தனர். 1977ஆம் ஆண்டு மாடலில் முன்புறத் தண்டு தடிமனாக்கப்பட்டது, பின்புறத்திலும் ஒரு தண்டு சேர்க்கப்பட்டது. உயரத்தைக் குறைக்காமலேயே காரின் ஓட்டம் ஓரளவு சீரானது.

உயரத்தைக் குறைக்கும் வழிகள்

முன்புறத்தில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, குட்டையான சுருள்வில்லைப் பொருத்துவது. செலவு குறைவு, ஆனால் சக்கரக் கரங்களின் கோணம் மாறுகிறது. உடல் எந்த மையத்தைச் சுற்றிச் சாய்கிறதோ அம்மையமும் கீழிறங்குகிறது. ஈர்ப்பு மையத்தைவிட அது அதிகமாக இறங்கினால், சாய்க்கும் நெம்புகரம் நீண்டு, தாழ்ந்த கார் கூடுதலாகச் சாய முற்படும். இரண்டாவது, குரோம் பம்பர் காலத்துக் குறுக்குச் சட்டத்தைப் பொருத்துவது. வேலை அதிகம், ஆனால் கரங்களின் பழைய கோணம் கெடாமல் உயரம் குறைகிறது.

பின்புறத்தில் அச்சுக்கும் பட்டை வில்லுக்கும் இடையே உலோகக் கட்டை வைத்து உடலை இறக்கலாம். அப்போது வில்லின் வளைவு மாறாது. வளைவு குறைந்த புதிய பட்டை வில்லைப் பொருத்துவது மற்றொரு வழி.

ஸ்பிரிங் தேர்வு

சுருள்வில்லின் விறைப்பு, கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், சுருளின் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதத்திலும் இருக்கும். கம்பி 10 விழுக்காடு தடித்தால் விறைப்பு ஏறக்குறைய 46 விழுக்காடு கூடும். எட்டுச் சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 14 விழுக்காடு கூடும். ஆனால் வெட்டிய முனை இருக்கையில் சரியாக அமராது. சில பட்டறைகளில் செய்வதுபோல் ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமுக்கினால், எஃகுக்குக் கொடுத்திருந்த பதம் போய்விடும்.

குறைந்த உயரத்தில் சக்கரம் மேலேறுவதற்கான இடமும் குறைவு. ஆகவே குட்டையான ஸ்பிரிங் ஓரளவு விறைப்பாகவும் இருந்தாக வேண்டும். இல்லையேல் பள்ளத்தில் விழும்போது முட்டு ரப்பரில் இடிக்கும். அப்படி இடிக்கும் கணத்தில் விறைப்பு பல மடங்கு உயர்ந்து, வளைவின் நடுவே சக்கரம் பிடிப்பை இழக்கக்கூடும். விறைப்பு கூடினால் அது திருப்பித் தள்ளும் விசையும் கூடும். அதை அடக்கத் தேய்ந்துபோன பழைய ஷாக் அப்சார்பரால் இயலாது.

இதனால் வேலையின் வரிசை முக்கியமாகிறது. முதலில் பழைய ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் சரிசெய்ய வேண்டும். அடுத்துச் சாய்வுத் தடுப்புத் தண்டுகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே உயரத்தை முடிவுசெய்து, அதற்கேற்ற விறைப்புள்ள ஸ்பிரிங்கை முன்னும் பின்னும் பொருந்தத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறுதியாகச் சக்கரங்களின் கோணத்தையும் முகப்பு விளக்குகளின் ஒளி விழும் உயரத்தையும் மீண்டும் அளந்து சரிசெய்ய வேண்டும்.

1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. கடைசி வரை எம்ஜிபி ரப்பர் பம்பருடனும் உயர்த்தப்பட்ட உடலுடனுமே வெளிவந்தது. தொழிற்சாலை தாழ்த்தாத அந்த ஓர் அங்குலத்தைத்தான் உரிமையாளர்கள் தங்கள் கைக்காசில் இன்றும் தாழ்த்திக்கொண்டிருக்கின்றனர்.